வக்கீலோடு குடித்தனம்: பிடிவாதமும் பாசமும் உள்ள பூனையோடு வாழ்வது எப்படி

எங்கள் வீட்டுப் பூனையின் பெயர் வக்கீல். உடம்பெல்லாம் கறுப்பு, கழுத்தடியில் மட்டும் வெள்ளைப் பட்டை, நாள் முழுக்க வாதம். கதவைத் திறக்கவில்லை என்றால் வாதம், திறந்தால் ஏன் இவ்வளவு நேரம் என்று வாதம், கிண்ணத்தில் உணவு இருந்தாலும் அது காலையில் வைத்தது என்று வாதம். இத்தனைக்கும் நான் உட்கார்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டுதான் உட்காருவான், ராத்திரி என் கழுத்துக்கும் தலையணைக்கும் நடுவே ஆறு கிலோவைச் செருகிக்கொண்டு தூங்குவான், நான் குளிக்கப் போனால் வெளியே படுத்துக்கொண்டு கதவின் கீழிடுக்கு வழியாகக் கையை விட்டுத் துழாவுவான். ஆறு வருடமாக இவனோடு குடித்தனம். முதல் இரண்டு வருடம் நான் செய்ததில் பாதி தப்பு. கீழே சொல்வதில் பெரும்பகுதி அந்தத் தப்புகளிலிருந்து கற்றதுதான்.

இப்படிப்பட்ட பூனையை அடக்க முடியாது, அதற்காக மெனக்கெடவும் வேண்டாம். அது எதற்காகப் பிடிவாதம் பிடிக்கிறது, அந்தப் பிடிவாதத்துக்கு நாம் என்ன கூலி கொடுக்கிறோம் என்று கவனிக்க ஆரம்பித்தாலே வீட்டில் பாதிச் சண்டை குறைந்துவிடும். கூலி என்று யோசித்துத்தான் சொல்கிறேன். பூனை சும்மா எதையும் திரும்பத் திரும்பச் செய்வதில்லை.

கத்தினால் நடக்கிறது, அதனால் கத்துகிறது

வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து மியாவ் என்று கத்துவது அபூர்வம். குட்டி தாயைக் கூப்பிடும், சண்டையில் சீறும், துணை தேடும் காலத்தில் ஓலமிடும், கிட்டத்தட்ட அவ்வளவுதான். விதவிதமான மியாவ்களெல்லாம் பெரும்பாலும் மனிதர்களுக்கென்றே வைத்திருப்பது. எந்தச் சத்தத்துக்கு நாம் எழுந்து வருகிறோம் என்று பார்த்துப் பார்த்து, அந்தந்த வீட்டு ஆளுக்குத் தகுந்த பாஷையைப் பூனை உருவாக்கிக்கொள்கிறது. கூப்பிட்டும் திரும்பாமல் உட்கார்ந்திருந்தால் அதற்குப் புரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டுப் பூனைகள் தங்கள் பெயரை மற்ற சொற்களிலிருந்து பிரித்தறிகின்றன என்று 2019-ல் வெளிவந்த ஜப்பானிய ஆய்வு ஒன்று காட்டியது. காதோ தலையோ லேசாக அசையும், எழுந்து வருவதும் வராததும் அதன் இஷ்டம்.

அதே 2019-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை. குட்டிப் பூனையைப் பழக்கமில்லாத அறையில் வளர்ப்பவரோடு இரண்டு நிமிடம் இருக்கவிட்டார்கள், பிறகு இரண்டு நிமிடம் தனியாக, பிறகு மறுபடி அவரோடு இரண்டு நிமிடம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குட்டிகள், ஆள் திரும்பி வந்ததும் பதற்றம் தணிந்து, அவரைக் கொஞ்சம் உரசிவிட்டு அறையைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டன. கைக்குழந்தைகளிடம் காணப்படும் விகிதமும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. பூனைக்கு வீட்டைத்தான் பிடிக்கும், ஆளைப் பிடிக்காது என்று யாராவது ஆரம்பித்தால் இதைச் சொல்லுங்கள்.

இப்போது கூலிக்கு வருவோம். ஒரு செயலுக்குத் தினமும் கூலி கொடுத்து ஒரு நாள் அடியோடு நிறுத்தினால், பூனை கொஞ்ச நாள் கத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும். ஒன்பது நாள் மறுத்துவிட்டுப் பத்தாவது நாள் தாங்க முடியாமல் எழுந்து கொடுத்தீர்கள் என்றால் கதை வேறு. எப்போதாவது கிடைக்கும் கூலிதான் எல்லாவற்றையும்விட ஆழமாகப் பதியும். சீட்டாட்டக்காரன் எழுந்து போகாததும் இதனால்தான். நம் வீட்டுப் பூனையின் பிடிவாதத்தில் முக்கால்வாசி இப்படி நாமே, பாவம் என்று நினைத்து, பத்தாவது நாளில் ஊட்டி வளர்த்தது.

விடியற்காலை நாலரை மணி

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பூனை வளர்க்கும் வீடுகளில் மனிதர்கள் தோற்கும் முதல் இடம் இதுதான்.

பூனை இரவு விலங்கு என்பது முழு உண்மை இல்லை. விடியலும் அந்தியும்தான் அதற்குச் சுறுசுறுப்பான நேரம், எலியும் பறவையும் நடமாடும் நேரம் அது என்பதால். எனவே நாலரைக்கு அது எழுந்துகொள்வது இயல்பு, அதை மாற்ற முடியாது. எழுந்ததும் உங்களை எழுப்புவதுதான் கற்றுக்கொண்ட பழக்கம். வக்கீல் முதலில் கால் கட்டைவிரலைக் கடிப்பான். அசையாவிட்டால் மேசைமேல் ஏறி, என் கண்ணாடியைக் கையால் ஒவ்வொரு அங்குலமாக விளிம்புக்குத் தள்ளிக்கொண்டே என் முகத்தைப் பார்ப்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடப்பேன். அதற்குள் பக்கத்து அறையிலிருந்து அம்மா எழுந்து, "பாவம்டா, பசிக்குது போல" என்று கிண்ணத்தை நிரப்பிவிடுவார். இரண்டு மாதம் நான் கிடந்த தவம் அதில் போயிற்று.

ஆக, முதல் வேலை வீட்டில் இருக்கும் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசுவது. ஒருவர் கொடுத்து ஒருவர் மறுத்தால் அது சீட்டாட்டம்தான். அப்புறம், எழுந்தவுடன் சாப்பாடு என்ற சங்கிலியை அறுங்கள். எழுந்து பல் தேய்த்து, குளித்து, ஒரு அரை மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டுத்தான் கிண்ணத்தைத் தொட வேண்டும், நீங்கள் எழுவதற்கும் உணவுக்கும் சம்பந்தமில்லை என்று அதற்குப் படும்படி. மூன்றாவதாக, இரவு நீங்கள் படுக்கப் போகும் முன் பத்துப் பதினைந்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு விளையாடி, உடனே நாளின் கடைசி உணவைக் கொடுங்கள். வேட்டை, சாப்பாடு, உடம்பை நக்கிச் சுத்தம் செய்தல், தூக்கம் என்பது பூனையின் இயல்பான வரிசை. அந்த வரிசையை நம் தூக்க நேரத்தோடு பொருத்தி வைப்பதுதான் தந்திரம்.

வசதி இருந்தால் நேரம் வைத்தால் தானே திறக்கும் தானியங்கி உணவுப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள், பூனை வளர்ப்பதற்காக நான் வாங்கிய பொருள்களில் இதற்கு இணை எதுவும் இல்லை. ஐந்து மணிக்கு அது தானாகக் கொட்டும். பத்தே நாளில் வக்கீல் என்னை விட்டுவிட்டு அந்தப் பெட்டி முன்னால் போய் உட்கார்ந்து அதனிடம் வாதாட ஆரம்பித்தான். பெட்டிக்கு இரக்கம் கிடையாது, அதுதான் அதன் சிறப்பு.

ஓர் எச்சரிக்கை. கூலியை நிறுத்திய முதல் வாரம் கத்தல் குறையாது, கூடும். இதுவரை நடந்தது ஏன் நடக்கவில்லை என்று இன்னும் உரக்கக் கேட்டுப் பார்க்கும், புதிது புதிதாக எதையாவது தள்ளிவிடும். அந்த உச்சத்தில் எழுந்துவிட்டால், இவ்வளவு கத்தினால்தான் நடக்கும் என்று கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடும். எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. கண்ணாடியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் படுத்தேன்.

வேண்டாம் என்று சொல்வதைவிட வேறிடம் காட்டுவது

சாப்பாட்டு மேசை, சமையல் மேடை, கணினி. இந்த மூன்றில் எதற்காவது சண்டை இல்லாத பூனை வீட்டை நான் பார்த்ததில்லை. தண்ணீர் பீய்ச்சுவது, கைதட்டி விரட்டுவது, மூக்கில் தட்டுவது எல்லாம் நானும் செய்து பார்த்தவைதான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். அடுப்பு இருபத்து நாலு மணி நேரமும் அங்கேயே இருக்கிறது, அதனால் அது சரி. நீங்கள் அறையை விட்டுப் போய்விடுவீர்களே. தண்ணீர் பீய்ச்சியதிலிருந்து பூனை கற்றுக்கொள்வது, மேசை மோசமானது என்பதை அல்ல, இந்த ஆள் இருக்கும்போது மேசைமேல் ஏறக் கூடாது என்பதைத்தான். கூடவே உங்கள் கையைக் கண்டால் பயமும் சேர்ந்துகொள்ளும். மடியில் படுக்கும் பூனையிடம் அந்தப் பயத்தை விதைப்பது பெரிய நஷ்டம்.

பூனை மேலே ஏறுவது பெரும்பாலும் உயரத்துக்காக, இல்லையென்றால் அங்கே கிடைக்கும் மிச்சம் மீதிக்காக. மேசையைத் துடைத்து வைத்தால் இரண்டாவது காரணம் போயிற்று. முதல் காரணத்துக்கு, அதே அறையில், மேசையைவிட உயரமாக, நீங்கள் வேலை செய்வதைப் பார்க்க வசதியாக ஓர் இடம் கொடுங்கள். அலமாரியின் மேல்தட்டைக் காலி செய்து ஒரு பழைய துணி விரித்தால்கூடப் போதும். அங்கே போய் உட்கார்ந்தால் ஒரு ட்ரீட் (பூனைக்குப் பிடித்த சின்னத் தின்பண்டம்), ஒரு தடவல். மேசைமேல் ஏறினால் திட்டாமல், பேசாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல் தூக்கிக் கீழே விடுங்கள். திட்டுவதும் கவனம்தான், உங்களிடம் ஒட்டிக்கொண்டே திரியும் பூனைக்குக் கவனம் நல்ல கூலி.

நகம் கீறுவதும் இதே கதை. அதை நிறுத்தவே முடியாது. பழைய நக உறையை உரித்துப் போடவும், முதுகை நீட்டவும், பாதத்தில் உள்ள வாசனைச் சுரப்பிகளால் இது என் இடம் என்று முத்திரை குத்தவும் அது கீறியாக வேண்டும். அது கீறுவதற்கென்று கம்பம் வாங்குவதில் எல்லோரும் செய்யும் தப்பு, குட்டையாக, லேசாக ஒன்றை வாங்கி மூலையில் வைப்பது. பூனை பின்னங்காலில் நின்று முழு உடம்பையும் நீட்டும் அளவுக்குக் கிட்டத்தட்ட மூன்றடி உயரம் வேண்டும், சாய்ந்து இழுத்தால் ஆடக் கூடாது, தடிமனான நார்க்கயிறு சுற்றியிருக்க வேண்டும். வைக்க வேண்டிய இடம் அது இப்போது நாசம் செய்துகொண்டிருக்கும் சோபாவுக்குப் பக்கத்திலேயே, அல்லது அது தூங்கி எழும் இடத்துக்குப் பக்கத்தில். சோபாவின் அந்த மூலையில் இருபுறமும் ஒட்டும் டேப் கொஞ்ச நாள் ஒட்டி வையுங்கள். நகத்தையே எடுத்துவிடும் அறுவை சிகிச்சையை யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பது அது, பல நாடுகளில் தடை செய்திருக்கிறார்கள்.

கதவு விஷயத்தில் மட்டும் நான் தோற்றுவிட்டேன். திறந்து விட்டால் நிலைப்படியில் நின்று யோசிப்பான், உள்ளேயும் இல்லை வெளியேயும் இல்லை, மதில்மேல் பூனை என்ற சொல்லை யார் உண்டாக்கினார்களோ அவர்கள் வீட்டிலும் இப்படி ஒன்று இருந்திருக்க வேண்டும். எப்போதும் மூடியிருக்க வேண்டிய அறை எது என்று தீர்மானித்து அதை எப்போதும் மூடுங்கள், மற்றதையெல்லாம் ஒரு கட்டையை முட்டுக்கொடுத்துத் திறந்தே வையுங்கள். சில நேரம் மூடி சில நேரம் திறப்பதுதான் வாதத்துக்கு வழி.

பாசத்தை வாங்கிக்கொள்வது எப்படி

இந்த வகைப் பூனையிடம் எல்லோரும் குழம்பும் இடம் இது. தானாக வந்து மடியில் ஏறும், கர்ர் கர்ர் என்று சத்தம் எழுப்பும், நாம் தடவுவோம், நாலாவது நிமிடம் சட்டென்று திரும்பிக் கடிக்கும். துரோகம் செய்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் கடிப்பதற்கு முன் அது குறைந்தது மூன்று தடவையாவது சொல்லியிருக்கும். வால் நுனி துடிக்கும், முதுகுத் தோல் அலை போலச் சிலிர்க்கும், காது பக்கவாட்டில் திரும்பும், கண்மணி பெரிதாகும், கர்ர் சத்தம் நின்றுபோகும், தலை உங்கள் கையை நோக்கித் திரும்பும். இதில் எதையாவது கண்டால் கையை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

எனக்குப் பலன் தந்த வழி: மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். மறுபடி வேண்டும் என்றால் தானே தலையால் முட்டும். முட்டவில்லை என்றால் இப்போதைக்குப் போதும் என்று அர்த்தம். கன்னம், தாடைக்கு அடியில், காதுக்கு முன்னால் உள்ள பகுதி, இவைதான் பெரும்பாலான பூனைகளுக்குப் பிடித்த இடங்கள், வாசனைச் சுரப்பிகளும் அங்கேதான் இருக்கின்றன. நம் காலிலும் முகத்திலும் அது கன்னத்தைத் தேய்ப்பது தன் வாசனையை நம்மேல் பூசத்தான். வயிற்றைக் காட்டிப் புரண்டால் அது உங்கள்மேல் உள்ள நம்பிக்கை. தொடச் சொல்லும் அழைப்பு என்று நினைத்துக் கை வைத்தால் நாலு காலும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும். விதிவிலக்கான பூனைகள் உண்டு, வக்கீல் அதில் இல்லை.

தூரத்திலிருந்து பாசம் காட்டவும் ஒரு வழி இருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிட்டதாக நினைக்குமாம் என்று பழமொழி அதைக் கேலி செய்கிறது, ஆனால் பூனை உங்களைப் பார்த்துக் கண்ணை மெல்ல மூடித் திறந்தால் அது நட்பின் அடையாளம். இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் இதைச் சோதித்தார்கள். மனிதர் மெல்லக் கண்சிமிட்டினால் பூனைகளும் பதிலுக்குச் சிமிட்டுவது கூடியது, முன்பின் தெரியாத ஆள்கூட அப்படிச் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டினால் நெருங்கி வருவதும் கூடியது. இன்றைக்கே செய்து பாருங்கள். முறைத்துப் பார்ப்பதற்கு நேர் எதிர் அது.

மடியில் மாவு பிசைவது போல முன்னங்காலால் மிதிப்பது குட்டியாக இருந்தபோது தாயிடம் பால் சுரக்கச் செய்த பழக்கத்தின் மிச்சம். நகம் தைக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் அல்லது ஒரு தடித்த துணியை மடியில் போட்டுக்கொள்ளுங்கள். கர்ர் சத்தத்தை மட்டும் எப்போதும் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வலியிலும் பயத்திலும்கூடப் பூனை அப்படிச் சத்தம் எழுப்பும்.

நான் செய்த பெரிய தப்பு ஒன்று. குட்டியாக இருந்தபோது கையையே பொம்மையாக்கி விளையாடினேன், விரலை ஆட்டுவேன், பாய்ந்து கடிப்பான், பார்க்க அழகாக இருக்கும். நாலு மாதக் குட்டியின் கடி வேறு, ஆறு கிலோவின் கடி வேறு. இப்போதும் போர்வைக்குள் கால்விரல் அசைந்தால் பாய்கிறான். கை தடவுவதற்கும் உணவு தருவதற்கும் மட்டும்தான் என்று முதல் நாளிலிருந்தே வைத்துக்கொள்ளுங்கள். கடித்துப் பல் உள்ளே இறங்கிவிட்டால் காயம் சின்னதாகத் தெரிந்தாலும் அலட்சியம் வேண்டாம், பூனைப் பல் ஊசி மாதிரி ஆழமாகக் கிருமியை இறக்கிவிடும். உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள், வெறிநாய்க்கடி நோய் உள்ள பகுதி என்றால் கட்டாயம்.

வேட்டைக்காரனுக்கு வேலை கொடுங்கள்

காலையெல்லாம் உங்கள் காலைச் சுற்றிக் கத்தும் பூனைக்குப் பசியைவிடச் சலிப்பு அதிகமாக இருக்கலாம். கோலின் நுனியில் கயிறும் இறகும் கட்டிய தூண்டில் மாதிரியான பொம்மை எதற்கும் ஈடாகாது. ஆனால் அதைப் பூனையின் மூக்குக்கு முன்னால் ஆட்டாதீர்கள், எந்த எலியும் அப்படித் தானாக வந்து வாயில் விழாது. சுவரோரமாக ஓடவிடுங்கள், துணிக்கு அடியில் மறையவிடுங்கள், நிறுத்துங்கள், லேசாக நடுங்கவிடுங்கள். பூனை பதுங்கிப் பின்புறத்தை ஆட்டும் அந்த நேரம்தான் விளையாட்டின் முக்கால் பங்கு, அதை அவசரப்படுத்தக் கூடாது. கடைசியில் பிடிக்கவிடுங்கள், பிடித்ததும் சாப்பாடு. லேசர் ஒளியில் பிடிக்க ஒன்றுமே இல்லாததால் சில பூனைகளுக்கு எரிச்சல்தான் மிஞ்சும், அதைப் பயன்படுத்தினால் ஒளியைக் கடைசியில் ஒரு ட்ரீட் மேல் கொண்டுபோய் நிறுத்துங்கள்.

விளையாடி முடித்ததும் கயிறு உள்ள பொம்மையைக் கட்டாயம் பூட்டி வையுங்கள். நூல், ரப்பர் பேண்ட், ரிப்பன் எதையும் விழுங்கினால் குடல் சுருண்டு கிழியும் அளவுக்கு ஆபத்து. வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் நீங்களாக இழுக்காதீர்கள், அப்படியே மருத்துவரிடம் போங்கள்.

சில செடிகளின் வாசனைக்குப் பூனை மயங்குவது தெரிந்ததுதானே. கேட்னிப் என்ற செடிக்குச் சுமார் மூன்றில் இரண்டு பூனைகள் மயங்கும், மற்றவை திரும்பியும் பார்க்காது, பரம்பரையாக வருவது அது. நம் குப்பைமேனியின் வேரைக் கண்டாலும் பூனைகள் இப்படித்தான் புரளும், பூனைவணங்கி என்ற அதன் இன்னொரு பெயரே சொல்கிறது.

கிண்ணத்திலும் மணல் பெட்டியிலும் பிடிவாதம்

உணவு விஷயத்தில் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவரலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். பூனை, அதிலும் குண்டுப் பூனை, இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். உணவை மாற்ற வேண்டும் என்றால் பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏழு முதல் பத்து நாளில் மாற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் மணமே வராது, லேசாக வெதுவெதுப்பாக்கினால் பாதி வாதம் அடங்கிவிடும்.

பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது, நாக்கில் அதற்கான ஏற்பி வேலை செய்வதில்லை. டாரின் என்ற சத்து உணவிலிருந்தே கிடைத்தாக வேண்டும், அது இயற்கையாக இறைச்சி, மீன் போன்ற அசைவ உணவில்தான் இருக்கிறது. எனவே நாய் உணவு பூனைக்கு ஆகாது, சைவப் பூனை என்பதும் நடக்காத காரியம். பால் குடிக்கும் பூனை கதைகளில் அழகு, வளர்ந்த பூனைகளில் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்குதான் ஆகும். பிடிவாதமாகக் கேட்டாலும் கொடுக்கக் கூடாதவை வெங்காயம், பூண்டு, சாக்லேட். லில்லிப் பூ வீட்டுக்குள்ளேயே வர வேண்டாம், அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். மனிதர்கள் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றுகூடப் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கான தெள்ளு மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரினும் அப்படியே.

பூனையின் கழிப்பிடமான மணல் பெட்டிக்கு வருவோம். வக்கீலின் இரண்டாவது வயதில் ஒரு நாள் என் படுக்கையிலேயே சிறுநீர் கழித்துவிட்டான். நான் ஊருக்குப் போய் வந்த கோபத்தில் பழிவாங்குகிறான் என்று முடிவு கட்டி, திட்டி, அறையை விட்டுத் துரத்திவிட்டேன். மறுநாளும் அதேபோல. மருத்துவர் பார்த்துவிட்டுச் சிறுநீர்ப்பையில் வீக்கம், கழிக்கும்போது வலி, வலியைப் பெட்டியோடு சம்பந்தப்படுத்திக்கொண்டு மெத்தென்று இருக்கும் இடத்தைத் தேடியிருக்கிறான் என்றார். அன்று ராத்திரி அவனிடம் மன்னிப்புக் கேட்டேன், கேட்டுக்கொண்டிருந்தான். பூனைக்குப் பழிவாங்கத் தெரியாது. பெட்டியை விட்டு வெளியே போனால் முதலில் நோய், அப்புறம் பெட்டி, கடைசியாகத்தான் மனசு என்ற வரிசையில் பாருங்கள். ஆண் பூனை பெட்டிக்கு அடிக்கடி போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அடைப்பாக இருக்கலாம், ஓரிரு நாளில் உயிரே போய்விடும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பெட்டி, பூனையின் உடம்பு நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வைப்பது நல்லது, உணவுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், வாசனை போட்ட மணல் நமக்குத்தான் பிடிக்கும். தினமும் அள்ளுங்கள். டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி மலத்தில் வெளியேறினாலும் தொற்றும் நிலைக்கு வரக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும் என்பதால் அன்றன்றே அள்ளுவது பாதுகாப்பும்கூட, கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடலாம். கருத்தடை செய்யாத பூனை சுவரில் சிறுநீர் பீய்ச்சுவது தனிக் கதை, நாலைந்து மாதத்தில் கருத்தடை செய்துவிட்டால் பெரும்பாலும் அந்தப் பேச்சே வராது.

கேரியர், நகவெட்டி, மாத்திரை

பூனையை வைத்துத் தூக்கிப் போகும் கூடையான கேரியரை மருத்துவரிடம் போகும் அன்று மட்டும் பரணிலிருந்து இறக்கினால் பூனை கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். வருடம் முழுக்க அதை அறையில் திறந்து வைத்து உள்ளே துணி விரித்து, அவ்வப்போது ஒரு ட்ரீட்டைப் போட்டுவிடுங்கள். ஒரு மாதத்தில் அது இன்னொரு படுக்கை. மேல்பக்கமும் திறக்கும் கேரியர் என்றால் இறக்குவதும் ஏற்றுவதும் சுலபம்.

நகம் வெட்ட, முன்னங்காலுக்கு ஐந்து, பின்னங்காலுக்கு நாலு என்று மொத்தம் பதினெட்டையும் ஒரே நாளில் முடிக்கும் வெறி வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது இரண்டு நகம், ஒரு ட்ரீட், எழுந்து போய்விடுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் ரத்தக் குழாய் இருக்கிறது, வளைந்த நுனியை மட்டும் வெட்டினால் போதும். மாத்திரையை விழுங்கவைத்ததும் கொஞ்சம் தண்ணீரோ ஈர உணவோ கொடுத்துவிடுங்கள், வறண்ட மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கிவிடும். சாப்பாட்டில் ஒளித்து வைப்பேன் என்று நான் ஒன்பது மாத்திரையை வீணாக்கினேன். உணவு முழுக்கக் காலியாகும், கிண்ணத்தின் நடுவில் மாத்திரை மட்டும் துடைத்து வைத்தது மாதிரி இருக்கும்.

வாதம் நின்றால்தான் பயம்

நாள் முழுக்க வாதாடும் பூனை ஒரு நாள் சொன்னபடி கேட்டால் சந்தோஷப்படாதீர்கள். சிறுநீர்ப்பை வீங்கியிருந்த அந்த இரண்டாம் நாள், வக்கீலைக் கேரியருக்குள் தூக்கி வைத்தேன், ஒரு சத்தம் இல்லை, ஒரு நகம் இல்லை. அதைப் பார்த்துத்தான் எனக்குக் கை நடுங்கியது. பூனை நோயை மறைக்கும் விலங்கு. அதன் வழக்கமான அடாவடிதான் நாம் படிக்கக் கிடைக்கும் அளவுகோல். மேலே தாவுவதைக் குறைத்துக்கொண்டால், உடம்பை நக்காமல் முடி திரிதிரியாக இருந்தால், மடிக்கு வருவது நின்றால், ஒளிந்துகொண்டால் கவனியுங்கள். பத்து வயதைத் தாண்டிய பூனை திடீரென்று இரவில் ஓலமிட ஆரம்பித்தால் அதைப் பிடிவாதக் கணக்கில் எழுதாதீர்கள், தைராய்டு மிகைப்பு, ரத்த அழுத்தம், மறதி நோய் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம்.

மாதம் ஒரு தடவை எடை பாருங்கள். முதலில் நீங்கள் மட்டும் இயந்திரத்தில் ஏறி எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி, கழித்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ குறைந்தால்கூட அதன் உடம்புக்கு அது பெரிய அளவு, ரோமத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. எங்கள் வீட்டில் தூக்கி வைத்துக்கொள்ள மூன்று நொடிக்கு மேல் அனுமதி இல்லை, அதற்குள் எண்ணைப் படித்துவிட வேண்டும்.